ஒவ்வொரு ‘தனியே’யும் ஒரு பாத்திரம்

அன்புள்ள ஐயா,

ஓசூரில் ஒற்றை அறையில் தங்கி வேலைக்குப் போகிறேன். மெஸ் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாததால் நானே சமைக்கிறேன். சமைக்கப் பிடித்திருக்கிறது, கழுவத்தான் முடியவில்லை. இரவு பத்து மணிக்குத் தொட்டியைப் பார்த்தால் அழுகை வருகிறது. பாத்திரம் அதிகம் சேராத ஐந்து சமையல் சொல்வீர்களா? ஏர் ஃபிரையர் வாங்கலாமா? மைக்ரோவேவ் கெடுதலா? இப்போதைக்குக் காகிதத் தட்டில் சாப்பிட்டுச் சமாளிக்கிறேன்.

ச.

அன்புள்ள ச.,

போன வாரம்தான் ஊர் வீட்டுப் பரணிலிருந்து அம்மாவின் போசிகளை, அதாவது சமையல் பாத்திரங்களை, இறக்கினேன். அதிலிருந்து எனக்கும் இதே நினைப்புதான்.

மைக்ரோவேவ் கெடுதல் இல்லை. ஏர் ஃபிரையரின் கூடையையும் நீங்கள்தான் கழுவ வேண்டும். காகிதத் தட்டை இன்றே நிறுத்துங்கள். பிளாஸ்டிக் பூசிய தட்டுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. ஒரு எவர்சில்வர் தட்டைக் கழுவ அரை நிமிடம் ஆகுமா? சோம்பலுக்கும் ஓர் அளவு வேண்டாமா தம்பி?

சமையல் குறிப்புகளில் எனக்கு ஆகாத சொல் ‘தனியே’. பருப்பைத் தனியே வேக வைக்கவும். மசாலாவைத் தனியே வறுத்துக்கொள்ளவும். தாளித்ததைத் தனியே எடுத்து வைக்கவும். ஒவ்வொரு ‘தனியே’யும் யாரோ ஒருவர் கழுவ வேண்டிய ஏனம். எழுதியவர் அதைக் கழுவியிருக்க மாட்டார் என்று அடித்துச் சொல்வேன். ஏனென்றால் நானும் அப்படி இருந்தவன். கல்யாணமான புதிதில் ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் சமைப்பேன். நண்பர்களிடம் அதைச் சொல்லிப் பெருமையும் பட்டுக்கொள்வேன். ஒருநாள் குழம்பும் பொரியலும் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தேன். மனைவி தொட்டியில் கிடந்ததை எண்ணினாள். “பதினொண்ணு. எனக்கு லீவு குடுக்கணும்னா நீங்க சமைக்காம இருங்க” என்றாள்.

அம்மா அடுப்பில் ஏற்றுவதற்கு முன்பே போசியின் அடியில் ஈரச் சாம்பலைப் பூசிவிடுவார். விறகடுப்புக் கரி அதன்மேல் படியும், கழுவும்போது சாம்பலோடு போய்விடும். அதாவது உலை வைக்கும் முன்பே அவருக்குக் கழுவும் வேலை தொடங்கிவிடும். பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் ஊர். காட்டு வேலை முடிந்து இருட்டி வருகிற நாளில் அரிசிம்பருப்புதான். “இன்னைக்கும் இதுதானா?” என்று அப்பா சாப்பாட்டு வட்டலைத் தள்ளுவார், நானும் சேர்ந்துகொள்வேன். அம்மா பதில் சொன்னதில்லை. அந்த நாட்களில் பாத்திரம் கழுவும் சலதாரையில் ஒரே ஒரு போசிதான் கிடந்தது என்பதைக் கவனிக்க எனக்கு ஐம்பது வயதாகியிருக்கிறது.

சரி, அதையே செய்யுங்கள். குக்கரிலேயே எண்ணெய் ஊற்றிக் கடுகு, சீரகம், வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி வதக்குங்கள். மஞ்சள்தூள், கொஞ்சம் சாம்பார் பொடி, உப்பு. ஒரு டம்ளர் அரிசி, கால் டம்ளர் துவரம்பருப்பு, மூன்றரை டம்ளர் தண்ணீர், மூன்று விசில். குக்கர் பாதிக்கு மேல் நிரம்பக் கூடாது; பருப்பு நுரைத்து ஆவி போகும் குழாயை அடைத்துவிடும். தாளிப்புக் கரண்டி வேண்டாம், வடிதட்டு வேண்டாம்.

இப்போது முக்கியமான விஷயம், இதைக் கேட்காவிட்டால் மேலே சொன்னதெல்லாம் வீண். சாதத்தைத் தட்டில் போட்டுக்கொண்டதும், முதல் கவளம் வாயில் வைக்கும் முன், குக்கரில் தண்ணீர் ஊற்றுங்கள். வேட்டிக்கு எதற்குக் கஞ்சி போடுகிறோம்? காய்ந்தால் விறைக்கும் என்பதால். குக்கர் அடியில் ஒட்டியிருப்பதும் அதே கஞ்சிதான். ஈரமாக இருந்தால் கைவிரலுக்கே வந்துவிடும். காயவிட்டால் கம்பி நாரும் திணறும். பத்து மணிக்கு உங்களை அழவைப்பது பாத்திரம் இல்லை, எட்டு மணிக்கு ஊற்றாத அந்த ஒரு சொம்புத் தண்ணீர். சாப்பிட்டுவிட்டு ஃபோனைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பீர்கள், எனக்குத் தெரியாதா?

ஐந்து கேட்டீர்கள், ஒன்றுதான் சொல்லியிருக்கிறேன். தொட்டுக்கொள்ளத் தயிர் போதும். அப்பளம் வேண்டுமென்றால் அடுப்புத் தீயில் சுட்டுக்கொள்ளுங்கள். பொரிக்கக் கிளம்பினால் எண்ணெய்ச் சட்டி ஒன்று சேரும், அப்புறம் எனக்கு மறுபடியும் கடிதம் எழுதுவீர்கள்.