பூட்டிய வீடு – கடிதம்

அன்புள்ள சார்,

மேலூர் பக்கம் ஒரு கிராமத்தில் எங்கள் அப்பத்தா வீடு இருக்கிறது. அப்பத்தா போனபின் பூட்டிவிட்டோம். ஏழெட்டு வருஷம்தான் ஆகிறது. போன மாதம் திறந்தால் பின்கட்டு ஓட்டுக்கூரை உள்ளே விழுந்து கிடக்கிறது, மச்சுச் சுவரில் அரசமரம். எதிர்வீடு இதைவிடப் பழையது, நன்றாகத்தான் நிற்கிறது. “மனுஷ மூச்சுப் படாத வீடு நிக்காது” என்கிறார் அங்குள்ள பெரியவர். அப்படி ஏதாவது உண்டா?

கே., கோவை

அன்புள்ள கே.,

பெரியவர் சொன்னது பாதி சரி. மூச்சு என்பதைத் துடைப்பம் என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

உங்கள் அப்பத்தா வடகம் காயப்போட மச்சுக்கு ஏறியிருந்தால் முதல் வேலையாகக் கூட்டித் தள்ளியிருப்பார். மழைத்தண்ணீர் வெளியேறும் தூம்பு அடைக்காமல் இருந்தது அதனால்தான். அவர் இல்லாத முதல் ஐப்பசி மழைக்கே வேப்பஞ்சருகு தூம்பில் அடைந்து, மேலே தண்ணீர் கட்டியிருக்கும். அந்தக் காலத்து மச்சு, மரக்கட்டைகளின் மேல் செங்கல்லைக் குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புக் காரையில் கட்டி, அதன்மேல் செங்கல் ஜல்லிக் காரை போட்டு, தட்டோடு பாவியது. நனைந்தால் வெயிலில் காய்ந்துவிடும். நாள்கணக்கில் நிற்கும் தண்ணீரைத்தான் தாங்காது. கட்டையின் முனை சுவருக்குள் இருக்கிறது இல்லையா, ஈரம் தங்குவதும் கரையான் ஏறுவதும் அங்கேதான். கண்ணுக்குத் தெரிகிற நடுப்பகுதி திடமாகவே இருக்கும். முனை உளுத்து ஒருநாள் மொத்தமாக இறங்கும்.

ஓட்டுக்கூரைக்கு அவ்வளவுகூட வேண்டாம். குரங்கு ஓடி ஒரு ஓடு நகர்ந்தால் போதும். ஆள் இருக்கிற வீட்டில் “ஒழுகுது” என்று சத்தம் கேட்கும், யாராவது ஏணி வைப்பார்கள். பூட்டிய வீட்டில் ஓட்டைத் தாங்கும் ரீப்பர் சட்டம் நனைந்து மக்கி, பக்கத்து ஓடுகளையும் இழுத்துக்கொண்டு விழும். அடுப்புப் புகை ஏறிய கைமரத்தை, அதாவது கூரையைத் தாங்கும் சாய்வுக் கட்டையை, பூச்சி அவ்வளவாக அண்டாது. அடுப்பு அணைந்ததும் அந்தக் காவலும் போச்சு.

அந்த அரசமரம், காக்கை எச்சத்தில் வந்த விதை. விரல் நீளத்தில் கையாலேயே பிடுங்கியிருக்கலாம். இப்போது பிடுங்கினால் சுவரும் கூட வரும், வெட்டினால் மறுபடி துளிர்க்கும். அந்த இடத்துச் சுவரைப் பிரித்து, வேரை எடுத்து, திரும்பக் கட்டவேண்டும். கொத்தனார் சிமெண்ட் பூசிவிடலாம் என்பார், சம்மதிக்காதீர்கள். காரைச் சுவரில் ஏறிய ஈரம் சிமெண்ட்டைத் தாண்டி வெளியேற முடியாமல் உள்ளேயே அரிக்கும். (காங்கிரீட் வீட்டைப் பூட்டினாலும் இதே கதிதான். உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்து உப்பும், அதில் மேல்பூச்சு பிளக்கும்.)

திருமலை நாயக்கர் மகாலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1636-ல் கட்டியது. பெரும்பகுதியைப் பேரன் சொக்கநாதர் பெயர்த்துத் திருச்சிக்குக் கொண்டுபோனதாகச் சொல்வார்கள். மிச்சமும் சிதைந்துகொண்டிருந்தபோது, 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பழுதுபார்க்க ஏற்பாடு செய்தார். இன்று நாம் டிக்கெட் வாங்கிப் பார்ப்பது அப்படித் தப்பியதைத்தான்.

சரி, ஏன் பூட்டினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. என் ஊகம்: பட்டா இன்னும் தாத்தா பேரிலேயே இருக்கும். சித்தப்பாவுக்கும் அத்தைக்கும் பங்கு உண்டு. ஒருவர் போட்ட காசு எல்லார் பங்கிலும் சேரும் என்பதால் ஒருவரும் போடவில்லை. நம் பக்கத்தில் நான் பார்த்த இடிந்த வீடுகளில் முக்கால்வாசி கரையானுக்கு முன்பே பங்காளிகளால் விழுந்தவை. இப்போதைக்கு ஆள் விட்டுத் தூம்பைச் சுத்தம்பண்ணி, திறந்து கிடக்கிற இடத்துக்குப் புரட்டாசிக்குள் தார்ப்பாய் கட்டுங்கள். கொத்தனாரைத் தேடுவதற்கு முன்னால் சொந்தக்காரர்களுக்குப் போன் போடுங்கள், அத்தையிலிருந்து ஆரம்பித்து.