தாத்தாவை எழுதுவது

அன்புள்ள அக்காவுக்கு,

போன மாதம் என் தாத்தா காலமானார். 86 வயது. நினைவுக் கூட்டத்தில் பேசிய எல்லோரும் அநேகமாக ஒன்றையே சொன்னார்கள்: ஆழ்ந்த பக்தி உள்ளவர், குடும்பத்தின் மேல் உயிராக இருந்தவர், பிறருக்காக உழைத்தவர். எதுவும் பொய் இல்லை. ஆனால் கேட்கக் கேட்க அவர் முகமே எனக்கு மங்கிக்கொண்டு போனது. அதனால் நானே எழுத உட்கார்ந்தேன்.

விடிவதற்கு முன் எழுந்து ஒரு மணி நேரம் பிரார்த்தனை செய்வார். ஒரு நாளும் தவறியதில்லை. ஆனால் அவருடைய டைரிகளில் கடவுளைப் பற்றி ஒரு வரி கிடையாது. யார் எந்த வார்டில் இருக்கிறார், யாருக்கு ரத்தம் வேண்டும், யாருக்கு மனு எழுதித் தர வேண்டும், இவைதான் பக்கம் பக்கமாக. எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. ‘சேவையே அவருடைய மதம்’ என்று எழுதினால் அவருக்கும் பொருந்தும், எனக்கும் உறுத்தாது என்று நினைத்தேன். அப்பாவிடம் படித்துக் காட்டினேன். “எல்லாருக்கும் கிடைச்சார், எங்களுக்குத்தான் கிடைக்கல” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். இதையும் எழுதலாமா, அக்கா? எழுதினால் தாத்தாவுக்குத் துரோகம் செய்வதாகுமா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் வைத்திருந்துதான் பதில் எழுதுகிறேன். தாத்தாவை இழந்த துக்கம் ஆறாத நேரத்தில், அவரைச் சரியாக எழுத வேண்டும் என்று தவிக்கிறீர்களே, அது என்னை மிகவும் தொட்டது.

முதலில், ‘சேவையே அவருடைய மதம்’ என்ற வரியை எடுத்துவிடுங்கள். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் உங்கள் தாத்தா அதற்குச் சம்மதித்திருப்பாரா? அவருக்கு ஒரு மதம் இருந்தது. இருட்டில் எழுந்து உட்கார்ந்து யாரிடமோ பேசினார். அங்கே கேட்க ஒருவர் இருக்கிறார் என்று முழுமனதாக நம்பினார். உங்களுக்கு அந்த நம்பிக்கை இல்லாதது குற்றமில்லை. ஆனால் அவருடையதை உங்களுக்கு வசதியான வேறொன்றாக மாற்றிவிட்டால், அந்த ஒரு மணி நேரம் அவர் வாழ்க்கையிலிருந்து காணாமல் போய்விடும்.

இது உங்களுக்கு மட்டும் நேர்வதல்ல. கேம்பிரிட்ஜில் பிரெடெரிக் பார்ட்லெட் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார்; 1932-ல் அதைப் பற்றி விரிவாக எழுதினார். வட அமெரிக்கப் பழங்குடிகளின் கதை ஒன்றைச் சிலரைப் படிக்க வைத்து, சில நிமிடம், சில நாள், சில மாதம் கழித்து நினைவிலிருந்து எழுதச் சொன்னார். திரும்ப எழுதும்போது கதை சுருங்கியது. பழங்குடிகளின் சிறு ஓடம் சாதாரணப் படகாகிவிட்டது. கதையில் வரும் ஆவிகள் பலருடைய எழுத்தில் மறைந்தே போயின. யாரும் வேண்டுமென்று மாற்றவில்லை. தங்களுக்குப் பழக்கமில்லாததை மனம் பழக்கமானதாக மாற்றிக்கொண்டது, அவ்வளவுதான். நம்பிக்கை இல்லாத பேத்தி, நம்பிக்கையோடு வாழ்ந்த தாத்தாவை நினைக்கும்போதும் இது நடக்கலாம். நினைவுக் கூட்டத்தில் நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான். எந்த நல்ல மனிதருக்கும் பொருந்துகிற சொற்கள் தங்கின. உங்கள் தாத்தாவிடம் மட்டுமே இருந்தவை உதிர்ந்துவிட்டன.

அதனால் எது உங்களுக்குப் புரியவில்லையோ அதை முதலில் எழுதுங்கள். பிரார்த்தனையின்போது எப்படி உட்காருவார்? வாய்விட்டுச் சொல்வாரா, உதடு மட்டும் அசையுமா? நடுவில் குழந்தை அழுதால் எழுந்து வருவாரா? காய்ச்சலில் கிடந்த நாளில் என்ன செய்தார்? இவற்றைப் பார்த்தபடி எழுத நம்பிக்கை தேவையில்லை. அவர் என்ன உணர்ந்தார் என்று மட்டும் நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள்.

டைரியில் கடவுள் இல்லாதது உங்களைக் குழப்பியிருக்கிறது. எனக்கு அது இயல்பாகத்தான் தோன்றுகிறது. மறந்துவிடக் கூடியதைத்தானே நாம் குறித்து வைக்கிறோம்? வார்டு எண் மறந்துபோகும். பிரார்த்தனையை அவர் எதற்குக் குறிக்க வேண்டும்?

அப்புறம் உங்கள் அப்பா சொன்னது. அதை எழுதத்தான் வேண்டும். உங்கள் கடிதத்திலேயே உயிருள்ள வாக்கியம் அதுதான்.

என் தாத்தாவும் இப்படிப்பட்டவர். படிக்கத் தெரியாதவர்களுக்குக் கடிதம் படித்துக் காட்டுவார், பதில் எழுதித் தருவார், துணைக்கு ஆள் இல்லாத நோயாளிகளுக்கு அருகில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பார். அவர் இறந்தபோது நானும் புகழ்ந்துதான் எழுதினேன். பாட்டி அதைக் கேட்டுவிட்டு, “அந்த ராத்திரியெல்லாம் உங்கம்மாவை யார் பார்த்துக்கிட்டாங்கன்னு எழுதலையே” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு வெட்கமாகிவிட்டது. அவர் வீட்டை விட்டுக் கிளம்ப முடிந்ததே பாட்டி வீட்டில் இருந்ததால்தான். அந்தச் சேவையில் பாதி அவளுடையது. அதை யாரும் அவளிடம் சொன்னதில்லை, நான் உட்பட.

பக்தி, குடும்பம், சேவை என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். ஆனால் மூன்றுக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 24 மணி நேரம்தான் இருந்தது. வார்டில் கழிந்த மாலை, பிள்ளைக்குக் கிடைக்காத மாலை. உங்கள் தாத்தா அதை அறிந்திருந்தாரா, வருந்தினாரா என்று தேடிப் பாருங்கள். விடை கிடைக்காவிட்டாலும் அப்பாவின் ஏக்கம் அங்கே இருக்கட்டும். வேண்டாத அப்பாவாக இருந்தால் ‘கிடைக்கல’ என்று ஒரு மகன் இத்தனை வயதில் சொல்லமாட்டார். அது துரோகமே இல்லை, தங்கை. ஆனால் ஒன்று: அது அப்பாவின் வார்த்தை. வெளியிடும் முன் அவரிடம் கேட்டுவிடுங்கள்.

தள்ளிப்போடாதீர்கள். வாய்வழியாகக் கைமாறும் குடும்ப நினைவு மூன்று தலைமுறை, 80 முதல் 100 ஆண்டுகள்தான் தாங்கும் என்கிறார் ஜெர்மானிய அறிஞர் யான் அஸ்மான். உங்கள் வீட்டில் அந்த மூன்றாவது தலைமுறை நீங்கள்தான்.

அப்பாவிடமும் அத்தை, சித்தப்பாக்கள் இருந்தால் அவர்களிடமும் தனித்தனியாகப் பேசுங்கள். ஒன்றாக உட்கார்ந்தால் ஒருவர் சொன்னதே மற்றவர் நினைவாகிவிடும். நடுவயதைத் தாண்டியவர்களுக்குப் பொதுவாகப் பத்து வயதிலிருந்து முப்பது வயது வரை நடந்தவை அதிகமாக நினைவுக்கு வரும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அப்பாவிடம் அங்கிருந்து ஆரம்பிக்கலாம். “தாத்தா எப்படிப்பட்டவர்?” என்று கேட்காதீர்கள், கூட்டத்தில் கேட்ட பதிலே திரும்ப வரும். “ராத்திரி அவர் வீட்டுக்கு வந்ததும் முதலில் என்ன செய்வார்? நீங்கள் அப்போது முழித்திருப்பீர்களா?” என்று கேளுங்கள். பேச ஆரம்பித்தால் இடையில் தாத்தாவுக்காக வாதாட வேண்டாம். பேசாமல் இருந்தாலும் சரி, கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.

எழுதியதும் எனக்கு அனுப்புங்கள். படிக்க ஆசையாக இருக்கிறது.

அன்புடன்,
அக்கா