பார்வை மங்கிய டிஸ்கஸுக்கு இரையூட்டுவது எப்படி?

கேள்வி: என் தொட்டியில் ஆறு டிஸ்கஸ் மீன்கள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றுக்கு இடக்கண் பால்போல் வெளுத்துவிட்டது. வலக்கண்ணும் மங்கி வருகிறது. இரை போட்டவுடன் மற்றவை பாய்ந்து தின்றுவிட, இது மட்டும் இரையைத் தாண்டிச் சென்று வெறும் நீரைக் கொத்துகிறது. ஒரு மாதத்தில் மெலிந்து, உடல் நிறமும் கறுத்துவிட்டது. இதைக் காப்பாற்ற வழி உண்டா?

பதில்: பெரும்பாலும் உண்டு. பார்வையை இழந்த மீன், இரைக்காகப் பிற மீன்களோடு முட்டி மோத வேண்டியிராத இடத்தில் நெடுநாள் வாழும். உங்கள் மீனை வாட்டுவது கண்ணைவிட அந்தப் போட்டிதான் என்று நினைக்கிறேன். ஆயினும், மெலிவுக்குக் காரணம் பார்வைக் குறைவுதானா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். வெண்ணிறமாக, நூல்போல் நீண்ட கழிவு தென்பட்டாலோ, வாயருகே சென்ற இரையையும் மீன் வாங்கித் துப்பினாலோ, குடல் ஒட்டுண்ணித் தொற்று இருக்கலாம். அதற்கு மருத்துவரின் ஆலோசனை தேவை. கறுத்த நிறத்தை மட்டும் வைத்து நோய் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். பல மீன்கள் சுற்றுப்புறத்தின் வெளிச்சத்தைக் கண்ணால் அறிந்தே தோல் நிறத்தை மாற்றிக்கொள்கின்றன. கண் அந்தச் செய்தியைத் தராதபோது உடல் கறுத்தே இருந்துவிடுவதுண்டு.

பார்வையைச் சோதிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. சிறிய கண்ணாடிக் குழாயில் ரத்தப்புழுவை (மீனிரையாக விற்கப்படும் சிவந்த சிறு புழு) இட்டு, குழாயின் வாயை இறுக மூடி, நீருக்குள் மெதுவாக இறக்குங்கள். வாசனை வெளியே வராததால், பார்வையுள்ள மீன் மட்டுமே அதை நாடி வரும். பின்பு மூடியைத் திறந்தபோது உங்கள் மீன் தலையைத் தாழ்த்தித் தேடத் தொடங்கினால், அதற்குப் பசி இருக்கிறது, மோப்பமும் இருக்கிறது, பார்வை மட்டுமே இல்லை என்று கொள்ளலாம்.

கண்ணையும் பக்கவாட்டிலிருந்து கவனியுங்கள். வெண்மை கண்ணின் மேற்பரப்பில் படலம்போல் படர்ந்திருந்தால் அது கெட்ட நீராலோ காயத்தாலோ ஏற்பட்டிருக்கலாம்; மீன்கழிவால் நீரில் சேரும் நச்சுகளான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியமாக இருக்கும்படி நீரைச் சீராக்கினால் தெளியவும் கூடும். வெண்மை கண்பாவைக்குள் தெரிந்தால் அது கண்புரை. அது தானாக மறையாது. பிற மீன்களுக்குத் தொற்றுவதும் இல்லை.

இனி இரையூட்டல். மீன்களுக்கு உடலின் இரு பக்கங்களிலும் பக்கக்கோடு என்னும் உணர்உறுப்பு உண்டு. நீரின் சிறு அசைவையும் அதனால் அவை அறியும். இந்த உணர்வும் மோப்பமும்தான் இனி உங்கள் மீனுக்கு வழிகாட்டி. ஆகவே இடமும் நேரமும் மாறாமல் இருப்பது மிக முக்கியம். தொட்டியின் ஒரு மூலையில் ஆழமற்ற கண்ணாடிக் கிண்ணம் ஒன்றை வைத்து, அதை ஒருபோதும் நகர்த்தாதீர்கள். டிஸ்கஸ் இயல்பாகவே தரையில் நீரை ஊதி, கிளம்பும் துணுக்குகளைப் பொறுக்கி உண்ணும் மீன் என்பதால், மிதக்கும் இரையைவிட அமிழும் இரையே இதற்கு எளிது. உறைநிலை ரத்தப்புழுவையோ ஆர்ட்டீமியா என்னும் சிறு உப்புநீர் இறாலையோ நன்றாக உருக விட்டு, நீண்ட பிப்பெட்டால் (உறிஞ்சு குழாய்) கிண்ணத்துக்குள் மெல்ல விடுங்கள். ஒவ்வொரு முறையும் அதற்கு முன் பிப்பெட்டின் நுனியால் நீர்ப்பரப்பை இருமுறை தொடுங்கள். நாளடைவில் அந்த அசைவே அதற்கு அழைப்பாகிவிடும். கண்ணாடியைத் தட்டுவது மட்டும் வேண்டாம். அது மீனை வெருட்டும். வடிகட்டியின் நீரோட்டம் இரையை அடித்துச் செல்லாதபடி அந்தச் சில நிமிடங்களுக்கு நிறுத்திவிட்டு, முடிந்ததும் மறவாமல் இயக்குங்கள். (மறந்துபோய் மறுநாள் காலையில் பதறியவர்களில் நானும் ஒருவன்.) எஞ்சிய இரையைக் கால் மணி நேரத்துக்குள் உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.

மற்ற ஐந்தும் கிண்ணத்தை மொய்க்காதிருக்க, எதிர்முனையில் முதலில் அவற்றுக்கு இரையிட்டுப் பார்க்கலாம். அது போதாவிட்டால், துளையிட்ட ஒளிபுகும் தடுப்பால் தொட்டியை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். டிஸ்கஸ் கூட்டமாக வாழும் மீன். தனித் தொட்டிக்கு மாற்றினால் பயந்து இரையை அறவே விட்டுவிடக்கூடும். தடுப்புக்குள் சாதுவான ஒரு துணை மீனையும் விட்டால், அது உண்ணும் அசைவை உணர்ந்து இதுவும் உண்ணத் தொடங்கும். நாளொன்றுக்கு மூன்று சிறு வேளைகள் போதும். நீரை 28 முதல் 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வையுங்கள். கூர்முனையுள்ள மரக்கட்டைகளை அகற்றிவிட்டு, எஞ்சிய பொருள்களை இருந்த இடத்திலேயே இருக்க விடுங்கள். கண்ணுக்கு மேலே உள்ள நெற்றிச் சதை மறுபடி திரளத் தொடங்கினால் மீன் தேறிவருகிறது என்று அறியலாம். எடையைவிட அதுவே நம்பகமான அடையாளம்.

கேள்வி: பார்வை இல்லாத மீனுக்கு விளக்கு எதற்கு? அணைத்தே வைத்துவிடலாமா?

பதில்: கூடாது. முழுக்கப் பார்வை போயிற்றா என்பதே உங்களுக்கு உறுதியாகத் தெரியாது; மற்ற மீன்களுக்கும் பகல் இரவு ஒழுங்கு வேண்டும். ஆனால் மீனுக்கு இமை கிடையாது, திடீர் வெளிச்சத்தை அதனால் தவிர்க்க முடியாது. எனவே அறை விளக்கை முதலில் ஏற்றிப் பத்து நிமிடம் கழித்துத் தொட்டி விளக்கை ஏற்றுங்கள். அணைக்கும்போது தொட்டி விளக்கை முதலில் அணையுங்கள். மிரண்டு ஓடும் டிஸ்கஸ் கண்ணாடியில் மோதி, எஞ்சியிருக்கும் நல்ல கண்ணையும் புண்ணாக்கிக்கொள்வதுண்டு.