பெரிய பல்கலைக்கழகத்தில் போஸ்ட்டாக் பெல்லோஷிப்பை எப்படித் தேடுவது?

கேள்வி: கோவையில் வேதியியல் பிஎச்.டி. முடிக்கும் தறுவாயில் இருக்கிறேன். சாயக் கழிவுநீர்ச் சுத்திகரிப்புதான் தலைப்பு. பெரிய பல்கலைக்கழகங்களின் தளங்களில் போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிறகு சேரும் ஆய்வுப் பணி) தேடினால் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எங்கே ஆரம்பிப்பது?

பதில்:

பல்கலைக்கழக முகப்புப் பக்கத்தில் தேடுவதை முதலில் நிறுத்துங்க. அத்தனை இடங்களும் ஒரே பட்டியலில் வருவது அபூர்வம். பணம் வருவது இரண்டு வழியில். ஒன்று, பேராசிரியர் கையிலிருக்கும் புராஜெக்ட் பணம். இன்னொன்று, நீங்களே விண்ணப்பித்து வாங்கிக்கொண்டு போகும் பெல்லோஷிப். பெரும்பாலும் இரண்டிலுமே ஒரு பேராசிரியரின் சம்மதம் இல்லாமல் நகராது. அதனால் முதலில் ஆளைத் தேடுங்க.

உங்கள் தீசிஸில் திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டிய கட்டுரைகளில் ஒரு 15 எடுத்துக்கொள்ளுங்க. கட்டுரை முடிவில் நன்றி சொல்லும் பத்தியில் நிதி எண் இருக்கும். அதைத் தேடிப் பார்க்கும் இணையதளங்கள் இவை: அமெரிக்க மருத்துவ, உயிரியல் நிதி என்றால் என்.ஐ.எச். ரிப்போர்ட்டர், ஐரோப்பிய யூனியன் நிதி என்றால் கார்டிஸ், ஜெர்மனியின் ஆய்வு நிதி அமைப்பான டி.எஃப்.ஜி. என்றால் ஜெப்ரிஸ். எண்ணைப் போட்டால் புராஜெக்ட் எந்த ஆண்டு வரை என்று தெரிந்துவிடும். இரண்டு வருஷம் பாக்கி இருந்தால் சம்பள இடம் உண்டா என்று கேட்கலாம். ஆறு மாதத்தில் முடிகிறதென்றால், "பெல்லோஷிப்புக்கு உங்களை வழிகாட்டியாகப் போட்டு விண்ணப்பிக்கலாமா" என்று கேளுங்க.

மெயில்தான் பலருக்கும் சறுக்கும் இடம். "ரெஸ்பெக்டட் சார், உங்கள் எஸ்டீம்டு லேபில் சேர விரும்புகிறேன்" என்று நூறு பேருக்கு ஒரே மெயில் போனால் யாரும் திறக்க மாட்டார்கள். சப்ஜெக்ட் வரியிலேயே வேலையைச் சொல்லுங்க: "உப்பு மிகுந்த சாயக் கழிவில் ஒளிவினையூக்கி". உள்ளே, வெளிச்சம் பட்டதும் வெறும் தண்ணீரில் கரைத்த சாயத்தை வேகமாகச் சிதைக்கும் வினையூக்கி, திருப்பூர் சாயப் பட்டறைக் கழிவில் ஏன் மந்தமாகிறது என்று நாலு வரி. உப்பிலுள்ள குளோரைடு அயனிகள், சாயத்தைச் சிதைக்கும் ஹைட்ராக்சில் ரேடிக்கலை விழுங்கிவிடுகின்றன. அதை நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள், அவர் லேபில் அடுத்து என்ன செய்யலாம் என்பதையும் எழுதுங்க. ஒரு பக்கம் போதும். பத்து நாள் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல்.

இந்தியாவிலேயே என்றால் மத்திய அரசின் ஆய்வு நிதி அமைப்பான ஏ.என்.ஆர்.எஃப். தரும் தேசிய போஸ்ட்டாக் பெல்லோஷிப் முக்கியமானது: 2 வருஷம், வயது வரம்பு 35. பெண்கள், எஸ்சி, எஸ்டி, ஓபிசி, மாற்றுத்திறனாளிகளுக்கு 5 வருஷத் தளர்வு. பி.சி., எம்.பி.சி. என்று போட்ட மாநிலச் சாதிச் சான்றை வைத்துக்கொண்டு ஓபிசி சலுகை கேட்க முடியாது. மத்திய அரசுப் படிவத்தில் தனிச் சான்று வேண்டும். இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்துவிடுங்க. புராஜெக்ட்டில் ரிசர்ச் அசோசியேட் என்றால் 2023 மத்திய அரசு ஆணைப்படி மாதம் 58,000, 61,000, 67,000 ரூபாய் என்று மூன்று படிகள், வீட்டு வாடகைப்படி தனி.

ஐரோப்பாவுக்கு ஐரோப்பிய யூனியன் தரும் மேரி கியூரி பெல்லோஷிப். விண்ணப்பக் கடைசி நாளுக்கு முந்தைய 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் நீங்கள் போகப்போகும் நாட்டில் இருந்திருக்கக் கூடாது. கடைசி நாள் வழக்கமாக செப்டம்பரில் வரும், அதற்குள் பிஎச்.டி. கையில் இருக்க வேண்டும். வைவா (வாய்மொழித் தேர்வு) தள்ளிப்போனால் ஒரு வருஷமே போய்விடும், அதனால் வைவா தேதியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்க.

பரிந்துரைக் கடிதத்துக்குப் பல தளங்கள் உங்கள் கைடுக்கே நேராக லிங்க் அனுப்பும். அது அவருடைய ஸ்பேமில் போய் உட்கார்ந்திருக்கும். மூன்று வாரம் முன்னதாகவே சொல்லிவைத்து, லிங்க் போன அன்றே போன் போட்டு, "வந்துச்சுங்களா ஐயா" என்று கேட்டுவிடுங்க.