காசநோய்ச் சோதனைக்குக் கார்ட்ரிட்ஜ் போதவில்லை: நான்கு பேரின் சளியைச் சேர்த்து ஒரே சோதனையாகப் பார்க்கலாமா?

கேள்வியில் உள்ள நிலைமை இது. சளியில் காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் இயந்திரம் ஒன்று இருக்கிறது. அதில் ஒரே நேரத்தில் நான்கு சோதனை ஓட்ட நான்கு மாட்யூல். ஒரு சோதனைக்கு ஒன்று வீதம் செலவாகும் 'அல்ட்ரா' கார்ட்ரிட்ஜ்கள் மாதம் முடிவதற்குள் தீர்ந்துவிடுகின்றன. சோதிப்பவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேருக்கு நோய் உறுதியாகிறது. சளி மாதிரிகளை பூலிங் செய்து, அதாவது பலருடையதை ஒன்றாகச் சேர்த்து ஒரே சோதனையாகப் பார்த்து, சமாளிக்க முடியுமா?

முடியும். ஆனால் வந்த வரிசைப்படி நான்கு நான்காகச் சேர்த்தால் மிச்சமாவது கொஞ்சம்தான். யாரை யாரோடு சேர்ப்பது, யாரைச் சேர்க்கவே கூடாது என்று முதலில் பிரித்துவிட்டுப் பிறகு சேருங்கள். பூலிங்கின் பலன் அந்தப் பிரிப்பில்தான் இருக்கிறது. பல இடங்களில் அதைச் செய்யாமலே தொடங்கிவிட்டு, சில வாரங்களில் 'இது நமக்குச் சரிப்படாது' என்று கைவிட்டுவிடுகிறார்கள்.

முதலில் கணக்கு. இது பழைய கணக்கு. ராணுவத்தில் சேர வந்தவர்களின் ரத்தத்தில் சிஃபிலிஸ் பார்ப்பதற்காக 1943இல் ராபர்ட் டார்ஃப்மன் எழுதியது. நான்கு பேரைச் சேர்த்து ஒரு சோதனை போடுகிறோம். நெகட்டிவ் என்றால் நால்வருக்கும் ஒன்றோடு முடிந்தது. பாசிட்டிவ் என்றால் நால்வரையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், ஆக மொத்தம் ஐந்து. ஆகவே ஒருவருக்கு ஆகும் செலவு கால் கார்ட்ரிட்ஜ், அதோடு அந்த பூல் (சேர்த்த கலவை) பாசிட்டிவாக வருவதற்கான வாய்ப்பு. பாசிட்டிவ் விகிதம் 5 சதவீதம் என்றால் ஒருவருக்கு 0.44 கார்ட்ரிட்ஜ் ஆகும். 10 சதவீதத்தில் 0.59, 20 சதவீதத்தில் 0.84. 30 சதவீதத்தில் ஒன்றைத் தாண்டிவிடும், அதாவது தனித்தனியாகப் போடுவதைவிடச் செலவு கூடுதல்.

உங்கள் 15 சதவீதத்துக்கு 0.73 வரும். நூறு பேருக்கு 73 கார்ட்ரிட்ஜ். இதோடு நின்றுவிடாதீர்கள். அந்த நூறு பேரையும் எக்ஸ்ரே கொண்டு இரண்டாகப் பிரித்ததாக வைத்துக்கொள்வோம். படத்தில் சந்தேகம் உள்ள 25 பேரில் 12 பேருக்கு நோய். மீதி 75 பேரில் 3 பேருக்குத்தான். அந்த 25 பேருக்கும் நேராகத் தனிச் சோதனை. 75 பேரை நான்கு நான்காகச் சேர்த்தால் சுமார் 30 கார்ட்ரிட்ஜ் ஆகும். மொத்தம் 55. அதே நூறு பேர், அதே இயந்திரம். இன்னொரு நன்மை, சந்தேகம் மிகுந்தவர்களின் முடிவு நீர்க்கப்படாத மாதிரியிலிருந்து முதல் ஓட்டத்திலேயே வந்துவிடுகிறது. மருந்து தாமதமாகக்கூடாதவர்கள் அவர்கள்தான்.

எக்ஸ்ரேயைப் படிக்க ஆள் இல்லையென்றால் கணினி மதிப்பெண் தரும் மென்பொருள்களைப் பயன்படுத்தலாம். 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு இதை உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது. மென்பொருளோடு வரும் வெட்டு மதிப்பெண்ணை (இதற்கு மேல் போனால் சந்தேகம் என்று கொள்ளும் எல்லையை) அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் சில நூறு பேருக்கு மதிப்பெண்ணையும் அல்ட்ரா முடிவையும் அருகருகே எழுதி வைத்து, எந்த இடத்தில் வெட்டினால் கீழே நிற்பவர்களின் பாசிட்டிவ் விகிதம் 5 சதவீதத்துக்குள் அடங்குகிறது என்று பார்த்து வையுங்கள். எக்ஸ்ரேயே இல்லையென்றாலும் பிரிக்க வழி உண்டு: மாதிரி எங்கிருந்து வந்தது என்பதே நல்ல அடையாளம். வீடு வீடாகவோ முகாமிலோ எடுத்த மாதிரிகளில் பாசிட்டிவ் குறைவாக இருக்கும், அவை பூலுக்கு. வாரக்கணக்கில் இருமி, எடை குறைந்து, மருத்துவமனைக்குத் தானாக வந்தவர்களின் மாதிரி தனியாக. ஒரே வீட்டுக்காரர்களின் மாதிரிகள் வந்தால் அவர்களை ஒரே பூலில் போடுங்கள். பாசிட்டிவ்கள் ஒரே பூலில் குவிந்தால் பிரித்துப் பார்க்க வேண்டிய பூல்களின் எண்ணிக்கை குறையும்.

பூலில் சேர்க்கவே கூடாதவர்கள் இவர்கள்: குழந்தைகள், எச்.ஐ.வி. உள்ளவர்கள், மருந்து எதிர்ப்பு நோய் இருக்கலாம் என்று சந்தேகப்படுபவர்கள், சளி அல்லாத மாதிரி தந்தவர்கள். முதல் இரு வகையினரின் சளியில் கிருமி குறைவாகவே இருக்கும், அதை மேலும் நீர்க்கச் செய்தால் தப்பிவிடும். ரத்தம் கலந்த சளியும் உணவுத் துணுக்கு உள்ள சளியும் தனியாகத்தான் போக வேண்டும், ஒன்று கெட்டால் பூலே கெடும்.

நீர்ப்பதால் எவ்வளவு இழப்பு? அல்ட்ரா ஒரு மில்லிலிட்டரில் சுமார் 16 காலனி அளவு (வளர்த்தால் 16 கூட்டங்களாக வளரக்கூடிய) கிருமி இருந்தாலே கண்டுபிடிக்கும். நான்கு பேரைச் சேர்த்தால் அந்த எல்லை 64 ஆகிறது. அல்ட்ராவுக்கு முந்தைய எக்ஸ்பர்ட் கார்ட்ரிட்ஜுக்கு நீர்க்காத மாதிரியிலேயே நூற்றுக்கு மேல் வேண்டியிருந்தது. நுண்ணோக்கியில் தெரிய 5,000 முதல் 10,000 வரை வேண்டும். ஆகவே, கார்ட்ரிட்ஜ் தீர்ந்ததும் ஸ்மியருக்கு (நுண்ணோக்கிச் சோதனைக்கு) திரும்புவதைவிட நான்கு பேரைச் சேர்த்து அல்ட்ரா போடுவது எவ்வளவோ மேல். தப்புபவர்கள் பெரும்பாலும் 'ட்ரேஸ்' (தடயம் மட்டும்), 'மிகக் குறைவு' என்று வரக்கூடியவர்களே. எட்டு, பத்து பேர் என்று பூலைப் பெரிதாக்காதீர்கள். இந்த பாசிட்டிவ் விகிதத்தில் மிச்சம் அதிகமாகாது, தப்புவது கூடும், பிரித்துப் பார்க்கும் நாளில் வேலை மலையாகிவிடும்.

இனிச் செய்முறை. சளியை அப்படியே சேர்ப்பதா, சாம்பிள் ரீஏஜென்ட் (சளியை இளக்கிக் கிருமியைக் கொல்லும் திரவம்) கலந்த பிறகு சேர்ப்பதா என்று பலருக்கும் குழப்பம் வரும். கலந்த பிறகு சேர்ப்பதே சரி என்பது என் உறுதியான கருத்து. கெட்டியான சளியில் அரை மில்லிலிட்டரைத் துல்லியமாக எடுக்கவே முடியாது. நூலாக இழுத்துக்கொண்டு வரும், ஒருவருடையது அதிகமாகவும் இன்னொருவருடையது பெயருக்குமாகப் போய் விழும்.

ஒவ்வொருவரின் சளியிலிருந்தும் 1 மி.லி. எடுத்துத் திருகுமூடிக் குழாயில் விட்டு 2 மி.லி. ரீஏஜென்ட் சேருங்கள். மூடிப் பத்து முதல் இருபது முறை பலமாகக் குலுக்குங்கள். பத்து நிமிடம் கழித்து மறுபடி குலுக்கி, இன்னும் ஐந்து நிமிடம் வையுங்கள். கட்டி எதுவும் கண்ணில் படக்கூடாது. இப்போது ஒவ்வொன்றிலும் 3 மி.லி. இருக்கும். அதில் 0.6 மி.லி. வீதம் எடுத்து ஐந்தாவது குழாயில் சேர்த்தால் 2.4 மி.லி. பூல் கிடைக்கும். மெதுவாகக் கலந்து, குமிழி வராமல் 2 மி.லி.யைக் கார்ட்ரிட்ஜில் விடுங்கள். ஒவ்வொருவர் குழாயிலும் 2.4 மி.லி. மிச்சம் நிற்கிறது. பூல் பாசிட்டிவானால் தனிச் சோதனைக்கு அதுவே போதும், மறுபடி சளி கேட்க வேண்டியதில்லை. கார்ட்ரிட்ஜோடு வரும் பிப்பெட்டில் 2 மி.லி. கோடுதான் இருக்கும், 0.6 எடுக்க அளவு குறித்த 1 மி.லி. பிப்பெட் தனியாக வாங்கி வையுங்கள், ஒவ்வொரு குழாய்க்கும் புதியது. ரீஏஜென்ட் பாட்டிலில் 8 மி.லி. இருக்கும், நான்கு பேருக்குச் சரியாக 8 மி.லி. தேவை. பாட்டிலில் ஒட்டி நிற்பதால் சற்றுக் குறையும், ஆனால் பாசிட்டிவ் பூலைப் பிரித்துப் பார்க்கும் கார்ட்ரிட்ஜ்களோடு வந்த பாட்டில்கள் திறக்காமல் மிஞ்சும் என்பதால் தட்டுப்பாடு வராது.

ரீஏஜென்ட் கலந்த சளியில் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) போட முடியாது, அதிலுள்ள காரமும் ஆல்கஹாலும் கிருமியைக் கொன்றுவிடும். அதனால் மிச்சமுள்ள கலக்காத சளியை முடிவு வரும்வரை 2 முதல் 8 டிகிரியில் வைத்திருங்கள். இதற்காகத்தான் மாதிரி குறைந்தது 2 மி.லி. வேண்டும். 1 மி.லி. மட்டும் வந்தால் பூலில் சேர்க்காமல் நேராகத் தனிச் சோதனை.

நேரத்தைத் திட்டமிடாவிட்டால் எல்லாம் குலைந்துவிடும். அல்ட்ரா ஓட்டம் ஒன்றுக்கு 80 நிமிடம் வரை ஆகும். பூல்களைக் காலை முதல் ஓட்டத்திலேயே போட்டுவிடுங்கள். தனிச் சோதனைக்காரர்களுக்கு ஒன்றிரண்டு மாட்யூல்களை ஒதுக்கி, மற்றவற்றில் பூல். மதியத்துக்குள் பூல் முடிவுகள் வந்தால்தான் பாசிட்டிவானவற்றை அன்றே பிரித்துப் பார்க்க முடியும். மதியத்துக்கு மேல் புது பூல் தொடங்க வேண்டாம். அப்போது வரும் மாதிரிகளை ரீஏஜென்ட் கலக்காமல் குளிர்ப்பெட்டியில் வைத்து மறுநாள் காலை எடுங்கள். கலந்து வைத்த மாதிரியை இரவு முழுக்க விட்டுவிட்டு மறுநாள் ஓட்டுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

அடுத்த ஆபத்து, மாதிரி மாறிப்போவது. நான்கு குழாயும் பூல் குழாயும் ஒரே வரிசையில் நிற்கும்படி ரேக்கை ஒதுக்குங்கள். லேபிள் மூடியில் வேண்டாம், குழாயின் உடலில் ஒட்டுங்கள். ரெஜிஸ்டரில் பூல் எண்ணுக்கு எதிரே நான்கு ஆய்வக எண்களையும் ஊற்றுவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மூடிதான் திறந்திருக்கலாம். பூலிங்கில் மூடி திறக்கும் எண்ணிக்கை கூடுவதால் காற்றோட்டமும் முகக்கவசமும் முன்னைவிட முக்கியம். வேலை முடிந்ததும் அன்றன்று கரைத்த 10 சதவீத ப்ளீச்சால் மேசையைத் துடைத்து, பிறகு 70 சதவீத ஆல்கஹாலால் துடையுங்கள்.

முடிவை எழுதுவதிலும் கவனம் வேண்டும். பூலில் 'ட்ரேஸ்' வந்தாலும் அது பாசிட்டிவ்தான், நால்வரையும் பிரித்துப் பாருங்கள். பூலில் வரும் ரிஃபாம்பிசின் முடிவை (அந்த முக்கிய மருந்துக்குக் கிருமி எதிர்ப்புக் காட்டுகிறதா என்பதை) யார் பெயரிலும் எழுதக்கூடாது. பூலில் இரண்டு பேருக்கு நோய் இருந்து, ஒருவருக்கு மட்டும் மருந்து எதிர்ப்பு இருந்தால், மற்றவரின் கிருமி அதை மறைத்துவிடலாம். பூல் பாசிட்டிவாக வந்து நால்வரும் தனித்தனியே நெகட்டிவாக வருவதும் உண்டு. அதை 'நெகட்டிவ்' என்று எழுதி அனுப்பிவிடாதீர்கள். நால்வரிடமும் புதிய சளி வாங்கித் தனியாகப் பாருங்கள். இதற்கு ஆகும் நான்கு கார்ட்ரிட்ஜை வீண் என்று யாரும் சொல்லக்கூடாது. பூல் ஓட்டம் எரராக முடிந்தால், அந்த நால்வரையும் மிச்ச மாதிரியிலிருந்து தனித்தனியே ஓட்டுங்கள், திரும்ப பூல் செய்ய 0.6 எடுத்தால் தனிச் சோதனைக்கு அளவு போதாமல் போகும். இயந்திரத்தில் எரர், இன்வாலிட், முடிவு இல்லை எல்லாம் சேர்ந்து 5 சதவீதத்தைத் தாண்டினால் முதலில் மின்சாரம், தூசி, அறை வெப்பம், மாட்யூல் அளவீடு ஆகியவற்றைச் சரிசெய்துவிட்டுப் பிறகு பூலிங்குக்கு வாருங்கள்.

மிச்சமான கார்ட்ரிட்ஜ் அலமாரியில் இருந்தால் இந்தப் பாடு எதற்கும் பொருள் இல்லை. மேலே சொன்ன கணக்கில் 100 கார்ட்ரிட்ஜுக்கு ஏறத்தாழ 180 பேரைப் பார்க்கலாம். அதே 15 சதவீதம் என்றால் 27 நோயாளிகள். பூல் பிரிவில் வருபவர்கள் அவர்களில் ஐந்தாறு பேர், நீர்ப்பால் ஒருவர் தப்பினாலும் 26 பேர் கிடைக்கிறார்கள், முன்பு கிடைத்தது 15. ஆனால் அந்தக் கூடுதல் 80 பேரை யாராவது தேடிப் போய்ச் சளி வாங்கி வர வேண்டும். வருகிறவர்கள் எல்லோருக்கும் தனித்தனியாகப் போடக் கார்ட்ரிட்ஜ் போதுமானால் பூலிங் செய்யாதீர்கள், காரணமில்லாமல் ஒருவரைத் தவறவிடுவதாகிவிடும்.

தொடங்கிய பிறகு வாரம் ஒருமுறை ஒரே ஒரு எண்ணைப் பாருங்கள்: எத்தனை பூல் போட்டோம், எத்தனை பாசிட்டிவ். நான்கு பேர் பூலில் பாதி பாசிட்டிவானால் மிச்சம் வெறும் 25 சதவீதம், முடிவும் தாமதமாகிறது. முக்கால்வாசி ஆனால் மிச்சமே இல்லை. நல்ல பிரிப்பு இருந்தால் இது ஆறில் ஒன்றை ஒட்டி நிற்கும். மூன்றில் ஒன்றைத் தாண்டத் தொடங்கினால் பூல் அளவை மாற்றுவதற்கு முன், வெட்டு மதிப்பெண்ணையோ, எந்த இடத்து மாதிரிகள் பூலுக்குள் வருகின்றன என்பதையோ திரும்பப் பாருங்கள்.