ஒரே கோப்பு, மூன்று தொடுகைப் பட்டியல்: எதை எடுத்துக்கொள்வது?

கேள்வி: முதுகலை ஆய்வேட்டுக்காகக் கொரோனா வைரஸின் ஸ்பைக் புரதம் மனிதச் செல்லின் ஏசிஇ2 ஏற்பியை எந்தெந்த அமினோ அமிலங்களால் பிடிக்கிறது என்று பார்க்கிறேன். புரத அமைப்புகளின் தரவகமான புரோட்டீன் டேட்டா பேங்கிலிருந்து, இரண்டும் சேர்ந்த 6எம்0ஜே கோப்பை எடுத்தேன். ஆல்ஃபா கார்பன்களுக்கிடையே (ஒவ்வொரு அமினோ அமிலத்தின் நடுக் கார்பன்) 8 ஆங்ஸ்ட்ராம் என்று வைத்தால் ஒரு பட்டியல் வருகிறது. எல்லா அணுக்களையும் 5 ஆங்ஸ்ட்ராமுக்குள் தேடினால் வேறொன்று. கைமெராஎக்ஸ் மென்பொருள் தருவது மூன்றாவது. லைசின் 417 – அஸ்பார்டிக் அமிலம் 30 இணை ஒன்றில் இருக்கிறது, இன்னொன்றில் காணோம். எது சரி? ஆல்ஃபாஃபோல்டு கணித்த மாதிரியிலும் இதே கணக்கைப் போடலாமா?

பதில்: மூன்றிலும் கணக்குப் பிழை இருக்க வேண்டியதில்லை. நீங்கள் மூன்று வேறு கேள்விகளைக் கேட்டிருக்கிறீர்கள். ஆல்ஃபா கார்பன் பட்டியல் சொல்வது, இரண்டு புரதங்களின் முதுகெலும்பும் எங்கே நெருங்கி வருகிறது என்பதை. அணுப் பட்டியல் சொல்வது, எது எதைத் தொடுகிறது என்பதை. ஏற்பியைப் பிடிக்கும் இடத்தை ஆராய்கிற உங்களுக்கு இரண்டாவதுதான் வேண்டும்.

நீங்கள் கேட்ட இணையையே பாருங்கள். லைசினின் பக்கச் சங்கிலி நீளமானது. விரிந்து நின்றால் ஆல்ஃபா கார்பனிலிருந்து நுனியிலுள்ள நைட்ரஜன் வரை 6 ஆங்ஸ்ட்ராமுக்கு மேல் போகும். அந்த நுனிதான் ஏசிஇ2-வின் அஸ்பார்டிக் அமிலம் 30-இன் ஆக்சிஜனோடு உப்புப் பாலம் (எதிரெதிர் மின்னூட்டங்களின் பிடிப்பு) அமைக்கிறது. நுனிகள் 3 ஆங்ஸ்ட்ராம் அளவில் ஒன்றையொன்று பிடித்திருக்க, அவற்றின் ஆல்ஃபா கார்பன்கள் 8-ஐத் தாண்டி நிற்பது இத்தகைய இணைகளில் சாதாரணம். பீட்டா, ஓமிக்ரான் திரிபுகளில் 417-ஆம் இடத்தில் லைசினுக்குப் பதில் அஸ்பராஜின் வந்தது. அது குட்டையானது, மின்னூட்டமும் இல்லாதது, ஆகவே உப்புப் பாலம் போய்விட்டது. இப்படியொரு இணையைத் தவறவிடும் அளவுகோலை ஆய்வேட்டின் அடித்தளமாக வைக்க முடியாது. மறுபக்கம், பக்கச் சங்கிலிகள் எதிரெதிர்த் திசையில் திரும்பியிருந்தாலும் ஆல்ஃபா கார்பன் கணக்கு அவற்றைத் தொடுகை என்று சேர்த்துக்கொள்ளும்.

அந்த அளவுகோல் தவறானதல்ல, அதற்குரிய இடம் வேறு. அமினோ அமில வரிசையிலிருந்து தொடுகைகளைக் கணிக்கும் காஸ்ப் போட்டியில் பீட்டா கார்பன்களுக்கிடையே (பக்கச் சங்கிலியின் முதல் கார்பன்) 8 ஆங்ஸ்ட்ராம் என்பது வழக்கம்; கிளைசினுக்குப் பீட்டா கார்பன் கிடையாது என்பதால் அதற்கு மட்டும் ஆல்ஃபா கார்பன். மடிப்பின் ஒட்டுமொத்த வடிவத்தை ஒப்பிடவும் இது போதும்.

சரி, அணுக்களுக்கிடையே எத்தனை ஆங்ஸ்ட்ராம்? கார்பனின் வான் டெர் வால்ஸ் ஆரம் சுமார் 1.7. இரண்டு கார்பன்கள் தொட்டுக்கொண்டால் மையங்கள் 3.4 இடைவெளியில் இருக்கும். நடுவே ஒரு நீர் மூலக்கூறு நுழைய இன்னும் 2.8 வேண்டும், ஆக 6-ஐத் தாண்டும். எனவே 4 முதல் 4.5 வரை என்பது நேரடித் தொடுகை. ஆய நிலைகளில் உள்ள சிறு பிழைக்கும் அதில் இடம் உண்டு. 5 கொஞ்சம் தாராளம். 6-க்கு மேல் போனால் நீர் வழியாகப் பேசிக்கொள்ளும் இணைகளும் சேர்ந்துவிடும். ஹைட்ரஜன் அல்லாத அணுக்களை மட்டும் எடுத்து 4.0 வைத்துத் தொடங்குங்கள் என்பதே எங்கள் பரிந்துரை. அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்த அமைப்பை 2020-இல் வெளியிட்ட குழு அதே 4 ஆங்ஸ்ட்ராமில் ஸ்பைக் பக்கம் 17, ஏசிஇ2 பக்கம் 20 ரெசிடியூக்கள் (சங்கிலியிலுள்ள அமினோ அமிலங்கள்) என்று எண்ணியிருக்கிறது. உங்கள் நிரல் அதே எண்ணிக்கையைத் தருகிறதா என்று முதலில் பாருங்கள். 40, 50 என்று வந்தால் கட்-ஆஃபை (தூர எல்லையை) மாற்றாதீர்கள். கோப்பைக் கையாண்ட விதத்தில்தான் தவறு இருக்கும்.

எல்லா அணு இணைகளுக்கும் ஒரே எண் என்பது உண்மையில் ஒரு குறுக்குவழிதான். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் உடனாய்வாளர்களும் 1963-இல், புரத முதுகெலும்பு எந்தக் கோணங்களில் திரும்பலாம் என்று காட்டும் தங்கள் வரைபடத்தை உருவாக்கியபோது ஒவ்வொரு அணு இணைக்கும் தனித்தனி எல்லை வகுத்தார்கள். கார்பன்–கார்பனுக்கு வழக்கமான எல்லை 3.2, கடைசி எல்லை 3.0, ஹைட்ரஜன்–ஹைட்ரஜனுக்கு 2.0, 1.9. கைமெராஎக்ஸ் செய்வதும் இதே வழியில் வந்ததுதான். இரண்டு அணுக்களின் ஆரங்களைக் கூட்டி, அதிலிருந்து இடைவெளியைக் கழித்து, விடை மைனஸ் 0.4-க்குக் குறையாமல் இருந்தால் தொடுகை என்கிறது. ஹைட்ரஜன் இல்லாத கோப்பில் கார்பனுக்குச் சற்றுப் பெரிய ஆரம் வைத்துக்கொள்ளும். ஹைட்ரஜனைச் சேர்த்துவிட்டு மறுபடி ஓட்டினால் பட்டியல் மாறும். உங்கள் மூன்றாவது பட்டியல் வேறுபட்டது இதனால்தான். அதே கட்டளையில் தூரத்தை மட்டும் அளவாக வைக்கும் வசதியும் இருக்கிறது. அதில் 4.0 கொடுத்தால் உங்கள் நிரலோடு நேருக்கு நேர் ஒப்பிடலாம்.

இனி கோப்பு. பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. 6எம்0ஜே-யில் ஏ சங்கிலி ஏசிஇ2, இ சங்கிலி ஸ்பைக்கின் ஏற்பி பிணைப்புப் பகுதி. இவற்றோடு நீர் மூலக்கூறுகள், துத்தநாக அயனி, குளோரைடு, அஸ்பராஜின்களில் ஒட்டிய சர்க்கரைகள் எல்லாம் உண்டு. "எல்லா அணுக்களும்" என்று தேடியபோது இவையும் உள்ளே வந்திருக்கும். அவற்றை விலக்குங்கள். நீர் வழித் தொடுகை வேண்டுமென்றால் அதைத் தனி அட்டவணையாகச் செய்யுங்கள், கலக்க வேண்டாம்.

அடுத்தது எண்கள். எம்எம்சிஐஎஃப் வடிவக் கோப்பில் ஒவ்வொரு ரெசிடியூவுக்கும் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று ஆய்வாளர்கள் இட்டது, 417 என்பது அதுதான். மற்றது கோப்புக்குள் 1-இலிருந்து தொடங்குவது. ஒரு மென்பொருள் முதலாவதையும் இன்னொன்று இரண்டாவதையும் படித்தால், ஒரே லைசின் இரண்டு பெயரில் வரும். பட்டியல்களை ஒப்பிடும் முன் 417-ஆம் இடத்தில் லைசினும் 501-இல் அஸ்பராஜினும் இருக்கின்றனவா என்று சரிபார்த்தால் போதும். சில அணுக்களுக்கு இரண்டு மாற்று நிலைகள் பதிவாகியிருக்கலாம். இருப்பளவு (அணு அந்த நிலையில் இருக்கும் பங்கு) அதிகமான நிலையை மட்டும் எடுங்கள்.

பயோபைத்தான் நிரல் தொகுப்பில் செய்முறை நேரானது. கோப்பைப் படித்து, இரு சங்கிலிகளிலும் வழக்கமான அமினோ அமிலங்களை மட்டும் வடிகட்டி, ஹைட்ரஜன்களை நீக்குங்கள். ஏ சங்கிலியின் அணுக்களைக் கொண்டு அருகிலுள்ள அணுக்களைத் தேட உதவும் நெய்பர்சேர்ச் மரத்தைக் கட்டுங்கள். இ சங்கிலியின் ஒவ்வொரு அணுவையும் மையமாக வைத்து 4.0-க்குள் தேடி, கிடைத்த அணுவின் தாய் ரெசிடியூவைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓர் இணைக்கு எத்தனை அணுத் தொடுகை இருந்தாலும் ஒரே வரி. ஆனால் மிகக் குறைந்த தூரம், அதைத் தந்த இரண்டு அணுக்களின் பெயர், மொத்த அணுத் தொடுகைகள் மூன்றையும் அந்த வரியிலேயே எழுதிவையுங்கள். தூரத்தை மட்டும் எழுதிவிட்டு அணுப் பெயரை விட்டுவிட்டால் பின்னால் வகைப்படுத்த முடியாது, எல்லாவற்றையும் திரும்ப ஓட்ட வேண்டிவரும்.

வகைப்படுத்தும்போது ஹைட்ரஜன் பிணைப்புக்குக் கொடை அணுவுக்கும் ஏற்பு அணுவுக்கும் இடையே 3.5-க்குள், ஹைட்ரஜனில் கோணம் 120 பாகைக்கு மேல். உப்புப் பாலத்துக்கு எதிரெதிர் மின்னூட்டமுள்ள நைட்ரஜன், ஆக்சிஜன் 4.0-க்குள். ஹைட்ரஜன் பிணைப்புகளை மட்டும் வைத்துக் கட்டுரை எழுதும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அதைத் தவிருங்கள். ஃபீனைல்அலனின் 486 ஏசிஇ2-வின் லூசின் 79, மெத்தியோனின் 82, டைரோசின் 83 ஆகியவற்றுக்கிடையே புதைந்து கிடக்கிறது. நீர்விலக்குத் தொடுகைகளைக் கணக்கில் எடுக்காவிட்டால் இந்த இடமே பட்டியலில் தெரியாது.

உங்கள் கோப்புக்கே உரிய ஓர் எச்சரிக்கை. இதன் பிரிதிறன் (எவ்வளவு நுண்விவரம் தெரியும் என்பதன் அளவு) 2.45 ஆங்ஸ்ட்ராம். இந்த அளவில் அஸ்பராஜின், குளுட்டமின் பக்கச் சங்கிலிகளின் நுனியில் எது நைட்ரஜன், எது ஆக்சிஜன் என்று எலக்ட்ரான் அடர்த்தியைப் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டுக்கும் ஓர் எலக்ட்ரான்தான் வித்தியாசம். தலைகீழாகப் பொருத்தப்பட்டிருந்தால் ஹைட்ரஜன் பிணைப்பு இருக்கும் இடத்தில் இல்லை என்றும், இல்லாத இடத்தில் இருக்கிறது என்றும் வரும். இந்த இடைமுகத்திலோ ஸ்பைக் பக்கம் அஸ்பராஜின் 487, 501, குளுட்டமின் 493, 498, ஏசிஇ2 பக்கம் குளுட்டமின் 24, 42 என்று அத்தனையும் அந்த வகை. மோல்ப்ராபிட்டி மென்பொருளில் உள்ள ரெட்யூஸ் நிரல் ஹைட்ரஜன்களைச் சேர்க்கும்போதே இந்தத் திருப்பங்களையும் சோதித்துத் திருத்தும். வகைப்படுத்தும் முன் அதை ஓட்டிவிடுங்கள்.

3.9-க்கும் 4.1-க்கும் இந்தப் பிரிதிறனில் பொருளுள்ள வேறுபாடு கிடையாது. ஆகவே 3.8, 4.0, 4.5 மூன்றிலும் ஓட்டுங்கள். மூன்றிலும் நிற்கும் இணைகளைப் பற்றி உறுதியாக எழுதலாம். ஒன்றில் மட்டும் வருவதை விளிம்பு என்று குறித்துவிடுங்கள்.

பிறகு எம்டி (மூலக்கூறு இயக்க) உருவகப்படுத்தலுக்குப் போனால் ஒன்றை நினைவில் வையுங்கள்: எம்டிட்ராஜ், குரோமாக்ஸ் மென்பொருள்கள் நானோமீட்டரில் பேசும். 4 ஆங்ஸ்ட்ராம் அங்கே 0.4. 4 என்றே கொடுத்தால் புரதத்தின் பெரும்பகுதி தொடுகையாகிவிடும். இரண்டு சங்கிலிகளும் பெட்டியின் எதிரெதிர் ஓரங்களுக்குப் பிரிந்திருந்தால் முதலில் சேர்த்துவையுங்கள், இல்லாவிட்டால் நடுவில் சில ஃபிரேம்களில் தொடுகைகள் பூஜ்யமாகும்.

ஆல்ஃபாஃபோல்டு பற்றி: ஏசிஇ2-வையும் ஸ்பைக்கையும் தனித்தனிச் சங்கிலிகளாகக் கணித்த மாதிரிகளை எடுத்து 6எம்0ஜே மேல் பொருத்தி எண்ணக் கூடாது. பக்கச் சங்கிலிகள் ஒன்றையொன்று பார்க்காமல் கணிக்கப்பட்டவை. கிடைப்பவற்றில் பல தொடுகையாக இராது, மோதலாக இருக்கும். இரண்டு சங்கிலிகளையும் சேர்த்தே கணித்த மாதிரி வேண்டும். அதிலும் சங்கிலிகளுக்கிடையேயான பிஏஇ (இடநிலையில் எதிர்பார்க்கும் பிழை) வரைபடத்தை முதலில் பாருங்கள். அந்தக் கட்டம் அதிகப் பிழை காட்டினால் தொடுகை எண்ணுவதில் பயனில்லை. பி-காரணி (அணு எவ்வளவு ஆடுகிறது என்பதன் அளவு) இருக்க வேண்டிய நெடுவரிசையில் பிஎல்டிடிடி என்ற நம்பக மதிப்பெண் இருக்கும். 70-க்குக் கீழ் உள்ள ரெசிடியூக்களைத் தனியே குறியுங்கள், 50-க்குக் கீழ் உள்ளவற்றை விலக்கிவிடுங்கள். அந்த எண்ணைப் பி-காரணி என்று நினைத்து உயர்ந்த மதிப்பை "ஆடும் பகுதி" என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு. பொருள் நேர் எதிர்.

திரிபுகளுக்கு மாதிரி எடுத்து, லைசின் 417 அஸ்பராஜினாக மாறியபின் எத்தனை தொடுகை குறைந்தது என்று ஆல்ஃபாஃபோல்டைக் கேட்பதும் வேண்டாம். ஒற்றை மாற்றத்தின் விளைவைச் சொல்ல அது பயிற்றப்படவில்லை. பீட்டாவுக்கும் ஓமிக்ரானுக்கும் ஏசிஇ2-வோடு சேர்ந்த ஆய்வக அமைப்புகளே புரோட்டீன் டேட்டா பேங்கில் இருக்கின்றன. அவற்றை இறக்கி, அதே 4.0-இல், அதே வடிகட்டலோடு ஓட்டி 6எம்0ஜே பட்டியலின் பக்கத்தில் வையுங்கள்.