ஹேடவேயின் 'வாட் இஸ் லவ்' 1993 பதிவுக்கும் 2009 ரீமிக்ஸுக்கும் என்ன வித்தியாசம்? அதுபோன்ற பழைய யூரோடான்ஸ் (90களின் ஐரோப்பிய கிளப் நடன இசை) பாட்டை ரீமிக்ஸ் செய்ய எங்கே தொடங்குவது?

இரண்டிலும் பாடுவது ஹேடவேதான். குரலுக்குக் கீழே ஓடும் கிக் (அடி டிரம்), பேஸ் (அடிநாதம்), சிந்த் (மின்னணு இசைக்கருவி) மூன்றும்தான் முக்கியமாக வேறு. ரீமிக்ஸ் செய்ய நினைப்பவர் முதலில் மனதில் வைக்க வேண்டியதும் இதுவே: இந்தப் பாட்டில் குரலும் பல்லவியின் கார்டுகளும் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்கள்) கைவைக்கக்கூடாத பகுதி. மற்ற எல்லாவற்றையும் தாராளமாகக் கழற்றிப் போடலாம்.

முதலில் பின்னணி. ஹேடவே டிரினிடாடின் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் பிறந்தவர், ஜெர்மனியில் கொலோன் பக்கம் வந்து பாடகரானவர். டீ டீ ஹாலிகன், ஜூனியர் டொரெல்லோ என்ற புனைபெயர்களில் எழுதிய டோனி ஹென்ட்ரிக்கும் அவருடைய இணை எழுத்தாளரும் உருவாக்கி, கோகனட் ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட அவருடைய முதல் சிங்கிள் இது. 1993இல் பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் 2ஆம் இடம், அமெரிக்க பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 11ஆம் இடம். முதல் சிங்கிளிலேயே இவ்வளவு தூரம் போன யூரோடான்ஸ் பாடகர்கள் அதிகம் இல்லை. 2009 வடிவத்தைச் செய்தவர் கொலோனைச் சேர்ந்த டிஜே கிளாஸ். அதற்கு முந்தைய ஆண்டு குரு ஜோஷ் ப்ராஜெக்டின் 'இன்ஃபினிட்டி 2008' மூலம் பழைய பாட்டை கிளப்புக்குத் திரும்பக் கொண்டுவந்து பெயர் வாங்கியவர். 'கிளாஸ் மீட்ஸ் ஹேடவே, வாட் இஸ் லவ் 2கே9' என்று தேடினால் கிடைக்கும். அந்தக் காலத்து எலெக்ட்ரோ ஹவுஸ் (கனமான மின்னணு கிளப் இசை) அச்சில் வார்த்தது.

1993 பதிவின் வேகம் 124 பிபிஎம் (நிமிடத்துக்கு 124 அடி), சுருதி ஜி மைனர். யூரோடான்ஸில் 124 நிதானமான வேகம்; அந்த நிதானம்தான் பாடகருக்கு மூச்சுவிட இடம் தருகிறது. பல்லவியில் சுற்றிச் சுற்றி வரும் கார்டுகள் நான்கே: ஜி மைனர், பி ஃபிளாட் மேஜர், டி மைனர், எஃப் மேஜர். நமக்குப் பழகிய முறையில் சொன்னால், ஜி-யை ஸட்ஜமாக வைத்தால் நிஷாதம் கைசிகி. நடபைரவி கேட்ட காதுக்கு இந்த ஏக்கம் புதிதல்ல. காகலி நிஷாதம், அதாவது எஃப் ஷார்ப், இந்த நான்கு கார்டுகளில் எங்கேயும் இல்லை. அதனால் பல்லவி 'வீடு வந்து சேர்ந்தோம்' என்ற நிறைவைத் தராமல் கேள்வியாகவே சுழல்கிறது. ரீமிக்ஸ் செய்பவர்கள் அடிக்கடி சறுக்குவது இங்கேதான். 'கொஞ்சம் நாடகத்தன்மை வரட்டும்' என்று டிராப்புக்கு (தாளம் முழு வேகத்தில் இறங்கும் இடம்) முன்னால் டி மைனரை டி மேஜர் ஆக்குவார்கள். குரல் எஃப் தொடும் இடத்தில் பின்னணி எஃப் ஷார்ப் வாசிக்கும். அரை சுர மோதல் அது. எந்த ஈக்யூவாலும் (அலைவரிசைகளை ஏற்றி இறக்கும் கருவி) சரிசெய்ய முடியாது.

இனி வேலை. மூலப்பதிவை சிடியிலிருந்தோ, காசு கொடுத்து வாங்கிய வேவ் அல்லது ஃபிளாக் (தரம் குறையாத) கோப்பிலிருந்தோ எடுங்கள். யூடியூபிலிருந்து இறக்கிய கோப்பு வேண்டாம். சுருக்கப்பட்ட ஒலியில் மேல் அலைவரிசைகள் ஏற்கெனவே சிதைந்திருக்கும். குரலைப் பிரித்தெடுக்கும்போது அந்தச் சிதைவு தண்ணீருக்குள் பாடுவது போன்ற சலசலப்பாகப் பெருகும். 12 இன்ச் மிக்ஸ் (கிளப்புக்கான நீண்ட வடிவம்) கிடைத்தால் அதையும் வைத்துக்கொள்ளுங்கள். குரல் இல்லாத நீண்ட பகுதிகள் இருப்பதால் டிரம்மையும் பேஸையும் தனியாகக் கேட்டுப் படிக்க உதவும்.

கோப்பை இசை மென்பொருளில் 124இல் கிரிட்டில் (தாளக் கட்டங்களில்) உட்காரவைத்து, முதல் கிக்கை பார் (நான்கு அடி கொண்ட ஒரு சுற்று) தொடக்கத்தில் பொருத்திவிட்டு, பாட்டின் கடைசிக்குப் போய்ப் பாருங்கள். சீக்வென்சரில் (வேகம் தவறாமல் வாசிக்கும் கருவி) ஓடிய பாட்டு என்பதால் சிடி பதிவு அநேகமாக நேராக நிற்கும். வினைலிலிருந்து எடுத்தது என்றால் டர்ன்டேபிளின் வேகப் பிழையால் மெல்ல நழுவியிருக்கும். 16 பாருக்கு ஒருமுறை வார்ப் மார்க்கர் (ஒலியைக் கட்டத்தோடு பொருத்தும் புள்ளி) வையுங்கள். ஒவ்வொரு பீட்டுக்கும் வைத்தால் குரல் நடுங்கத் தொடங்கிவிடும்.

குரலைப் பிரிக்க டிமக்ஸ் போன்ற இலவச மென்பொருளே போதும். குரல், டிரம், பேஸ், மற்றவை என நான்காகத் தரும். இந்தப் பாட்டில் ஒரு தனிச் சிக்கல் உண்டு: பின்னால் வரும் பெண் குரல் துணுக்குகளும் குரல் கோப்புக்குள்ளேயே வந்துவிடும். அவற்றைக் கையால் வெட்டித் தனி டிராக்கில் போடுங்கள், தூக்கி எறியாதீர்கள். பாதி ரசிகர்கள் பாட்டை அடையாளம் காண்பதே அவற்றை வைத்துத்தான். பிறகு 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே குரலை வெட்டிவிடுங்கள். ஹை ஹேட் (டிரம் செட்டின் தாளத் தட்டு) கசிவு கேட்டால் பயப்பட வேண்டாம், உங்கள் புதிய ஹை ஹேட் அதே இடத்தில் விழுந்தால் அது மறைந்துவிடும். கேட் (மெல்லிய ஒலியை அடைக்கும் கருவி) போட்டு இறுக்கினால்தான் வார்த்தைகளின் ரிவர்ப் வால் (எதிரொலியின் நீட்சி) அறுந்து, குரல் செயற்கையாகிவிடும்.

வேகத்தைப் பற்றி நிதானமாக யோசியுங்கள். 124இலிருந்து 128க்குப் போக 3.2 சதவீதம் ஏற்ற வேண்டும். டைம் ஸ்ட்ரெச் (சுருதி மாறாமல் வேகத்தை மாற்றும் முறை) இல்லாமல் வினைல் போல வேகத்தை மட்டும் கூட்டினால் சுருதி ஏறக்குறைய 55 சென்ட் (100 சென்ட் ஒரு அரை சுரம்) உயரும். அது ஜி மைனரும் இல்லை, ஜி ஷார்ப் மைனரும் இல்லை. நீங்கள் வாசிக்கும் எந்த சிந்தும் அதோடு சேராது. ஆகவே ஸ்ட்ரெச் தேவை. இசை மென்பொருள் ஏபிள்டன் லைவ் என்றால் குரலுக்கு 'காம்ப்ளெக்ஸ் ப்ரோ' ஸ்ட்ரெச் முறையை எடுத்து, ஃபார்மன்டை (குரலின் இயல்பான நிறம்) காத்துக்கொள்ளுங்கள். இந்த அளவுக்குத் தழும்பு தெரியாது. 140க்கு இழுத்தால் 13 சதவீதம்; ஹேடவேயின் நீண்ட சுரங்களில் உள்ள அதிர்வு பதற்றமாகிவிடும். ஸ்ட்ரெச்சே வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு வழி: 131.4 பிபிஎம். அங்கே வேகத்தை மட்டும் கூட்டினாலே சரியாக ஒரு அரை சுரம் ஏறி ஜி ஷார்ப் மைனராக நிற்கும், ஒலித் தரமும் கெடாது.

கிக்கை ஜி-க்கு ட்யூன் செய்தால் அடிப்படை அலைவரிசை 49 ஹெர்ட்ஸ். பேஸ் அதே இடத்தில் உட்காருவதால் சைட்செயின் (கிக் அடிக்கும்போது பேஸ் தானாகத் தணியும் ஏற்பாடு) கட்டாயம். 128இல் ஒரு பீட் 469 மில்லிசெகண்ட். ரிலீஸ் (தணிந்த பேஸ் திரும்ப எழும் நேரம்) 150 முதல் 250 மில்லிசெகண்ட் வரை வைத்துக் கேட்டு முடிவு செய்யுங்கள். அதற்கு மேல் போனால் பேஸ் எழுந்து வருவதற்குள் அடுத்த கிக் விழுந்துவிடும். 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் மோனோ (இடம் வலம் ஒரே ஒலி).

சிந்த் லீட்தான் (மெட்டை வாசிக்கும் சிந்த்) பெரும்பாலான ரீமிக்ஸ்களைக் கெடுக்கிறது. அகன்ற சாடூத் (ரம்பப் பல் வடிவ அலை) லீட் 1 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை நிரம்பி வழியும்; குரலின் தெளிவும் அங்கேதான் இருக்கிறது. பல்லவியைப் பாடும்போது லீட் வாயை மூடட்டும், குரல் முடிந்தபின் வாசிக்கட்டும். இரண்டையும் சேர்த்துத்தான் போடுவேன் என்றால் லீடை ஒரு ஆக்டேவ் (ஸ்தாயி) மேலே தூக்குங்கள். 128இல் 16 பார் என்பது மிகச் சரியாக 30 விநாடி. தொடக்கத்தில் 32 பார், அதாவது ஒரு நிமிடம், வெறும் தாளம் விட்டால் டிஜேக்கள் நன்றியோடு வாசிப்பார்கள். மாஸ்டரிங்குக்கு (வெளியீட்டுக்கு முந்தைய இறுதி ஒலிச் சீராக்கம்) அனுப்பும் கோப்பில் உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்ட வேண்டாம்.

1993 பதிவிலிருந்து உங்கள் ரீமிக்ஸுக்கு டிஜே செட்டில் (தொடர்ந்து பாட்டு வாசிக்கும்போது) தாவ வேண்டுமென்றால் கீ லாக்கைப் (வேகம் மாறினாலும் சுருதியைக் காக்கும் வசதி) போட்டுவிட்டு, பழைய பதிவின் குரல் ஓய்ந்த பிறகே புதியதைத் திறங்கள். ஒரே குரல் இரண்டு இடத்தில் ஒலித்தால், சுருதி ஒத்திருந்தாலும், ஃபேஸ் (ஒலி அலைகளின் ஏற்ற இறக்கம்) மோதி இரண்டும் மெலிந்துவிடும். கேமலாட் சக்கரத்தில் (சேரும் சுருதிகளைக் காட்டும் டிஜே அட்டவணை) ஜி மைனர் 6ஏ. முன்னும் பின்னும் 5ஏ, 7ஏ, 6பி பாடல்கள் சேரும்.

வெளியிடும் எண்ணம் இருந்தால் உரிமையைப் பாருங்கள். பாட்டின் எழுத்து, இசைக்கு ஒரு உரிமை. பதிவுக்குத் தனி உரிமை. ஹேடவேயின் குரலை எடுத்தால் இரண்டும் வேண்டும். எமினெம் 2010இல் 'நோ லவ்' பாட்டுக்கு இந்தப் பதிவையே சாம்பிள் எடுத்தார். டேவிட் கெட்டா 2023இல் 'பேபி டோன்ட் ஹர்ட் மீ' செய்தபோது மெட்டை ஆன்-மேரி புதிதாகப் பாடினார். அப்படிப் பாடவைத்தால் பதிவு உரிமை தேவைப்படாது, எழுத்துரிமை மட்டும் போதும். அனுமதி இல்லாமல் யூடியூபில் ஏற்றினால் கன்டென்ட் ஐடி (உரிமையுள்ள பாட்டை அடையாளம் காணும் யூடியூப் அமைப்பு) கண்டுபிடித்துவிடும். சுருதியை 55 சென்ட் நகர்த்தினால் தப்பிக்கலாம் என்று நம்பி நல்ல குரலைப் பாழாக்காதீர்கள்.